தரவு மையங்களின் இரவு நேர மின்சாரம் எங்கிருந்து வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையச் சேவைகளுக்கான கணினிகளைப் பெருமளவில் வைத்து இயக்கும் தரவு மையங்களுக்காகச் சென்னைக்கு வரும் முதலீடுகள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் முதலீட்டுத் தொகையையும் வேலைவாய்ப்பையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. அந்த மையங்களுக்கான மின்சாரம் எந்த நேரத்தில், எந்த நிலையத்திலிருந்து வரப்போகிறது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. அனல் மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தை ஒட்டி வாழும் எங்களுக்கு மற்ற இரண்டையும்விட இந்தக் கேள்வியே முக்கியமானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மும்பைக்கு அடுத்தபடியாகக் கடலடி இணையக் கம்பிவடங்கள் அதிகம் கரையேறும் இந்திய நகரம் சென்னை. பணப் பரிமாற்றத் தரவுகளை நாட்டுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் பிறப்பித்த உத்தரவு, தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு தரவு மையக் கொள்கை, தரவு மையங்களுக்கு மத்திய அரசு 2022இல் அளித்த, கடன் பெறுவதை எளிதாக்கும் உள்கட்டமைப்புத் தகுதி ஆகியவை அடுத்தடுத்து வந்ததில், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சிறுசேரியிலும் பெரிய மையங்கள் எழுந்தன. லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் பேர்பெற்ற அம்பத்தூர் இப்போது சர்வர்கள் எனப்படும் இந்தச் சேவைக் கணினிகளுக்கும் இடம் தருகிறது. இதுவரையிலான இந்த வளர்ச்சி வங்கிகள், இணைய வணிகம், அரசுச் சேவைகள் ஆகியவற்றின் தரவைச் சேமித்துப் பரிமாறும் தேவையிலிருந்து பிறந்தது. செயற்கை நுண்ணறிவின் தேவை வேறு வகையானது. சர்வர்களை அடுக்கிவைக்கும் வழக்கமான ஓர் அலமாரி, அதாவது ராக், 5 முதல் 10 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கும்; செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்கான ஜிபியு சில்லுகள் 72 கொண்ட என்விடியா நிறுவனத்தின் ஒரு ராக் ஏறத்தாழ 120 கிலோவாட் எடுக்கிறது. அதாவது, கட்டடத்தின் பரப்பளவு மாறாமலேயே அதன் மின்தேவை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடலாம். எனவே, முதலீட்டாளர்கள் இன்று ஓர் இடத்தைத் தேடும்போது, நிலத்துக்கு முன்பாக அங்கே எத்தனை மெகாவாட் கிடைக்கும், எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்பதையே கேட்கிறார்கள்.

ஒரு மெகாவாட் என்பதை வீட்டுக் கணக்கில் சொன்னால் அளவு விளங்கும். 10 மெகாவாட்டை இடைவிடாமல் எடுக்கும் ஒரு மையம் நாளொன்றுக்கு 2,40,000 யூனிட் செலவிடும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் பயன்படுத்தும் குடும்பங்களாகப் பார்த்தால், இது ஏறத்தாழ 36,000 வீடுகளின் மின்சாரம். இன்று அறிவிக்கப்படும் வளாகங்கள் பலவும் இதைப் போலப் பல மடங்கு திறனுக்குத் திட்டமிடப்படுபவை.

இந்த நிறுவனங்கள் காற்றாலைகளிடமிருந்தும் சூரிய மின் பூங்காக்களிடமிருந்தும் மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டு, தங்கள் மையம் பசுமை மின்சாரத்தில் இயங்குவதாகச் சொல்கின்றன. ஒப்பந்தங்கள் உண்மையானவையே, அவற்றால் புதிய காற்றாலைகளும் சூரியப் பூங்காக்களும் உருவாகின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு பெரும்பாலும் ஆண்டு முழுமைக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. நண்பகலில் உற்பத்தியான சூரிய மின்சாரமும், மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் உற்பத்தியான மின்சாரமும், ஜனவரி மாதத்து நள்ளிரவில் ஓடும் சர்வருக்கு ஏட்டில் ஈடுகட்டப்படுகின்றன. மின்கம்பி ஏட்டைப் பார்த்து இயங்குவதில்லை. காற்று ஓய்ந்த இரவில் அந்த 10 மெகாவாட்டும் அப்படியே தேவைப்படும். அந்த நேரத்தில் சென்னையின் சுமையைத் தாங்குவதில் பெரும்பங்கு அனல் மின் நிலையங்களுடையதே. மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் எந்த நிலையத்தில் பிறந்தது என்று தடம் பிடிக்க முடியாதுதான். ஆயினும் இரவு பகல் பேதமின்றி ஒரே அளவாக நிற்கும் புதிய சுமை ஒன்று மாநகரில் கூடும்போது, நிலக்கரி நிலையங்களை மூடுவது தள்ளிப்போகும், புதிய அலகுகளுக்குக் காரணம் தேடுவது எளிதாகும் என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

அந்த நிலையங்கள் இருப்பது எங்கள் ஊரில்தான். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களும் சேர்ந்து 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இயங்கிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டபோது இப்பகுதி மக்கள் சற்று மூச்சுவிட்டார்கள். அதே இடத்தில் 660 மெகாவாட் அலகு அமைக்கும் விரிவாக்கத் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததால் இறால் பாடு குறைந்த மீனவர்களின் வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றிருக்கின்றன. ஆடிக் காற்றில் வீட்டுத் திண்ணையில் படியும் தூசியைத் துடைத்துத் துடைத்துச் சலித்தவர்கள் நாங்கள். நகரின் மறுகோடியில் ஒரு கணினி கேள்விக்குப் பதில் சொல்வதற்காக இங்கே இன்னோர் அலகு எழும்புமானால், அதை வளர்ச்சி என்று எங்களிடம் சொல்ல யாருக்கும் மனம் வரக்கூடாது.

இப்படிச் சொல்வதால் தரவு மையங்களே வேண்டாம் என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். செயற்கை நுண்ணறிவுப் பணிகளில் இரண்டு வகை உண்டு. கேள்விகளுக்குப் பதில் தரும் மென்பொருளான ‘மாதிரி’யை ஏராளமான தரவைக் கொண்டு பயிற்றுவிக்கும் பணி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. அது பயனாளருக்கு அருகில் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. பயிற்சி முடிந்த மாதிரி மக்களின் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் தரும் பணிக்குத்தான் பெருநகரத்தின் அருகாமை உதவுகிறது. எனவே, பயிற்றுவிக்கும் பெருங்கூடங்களை முப்பந்தல் முதல் தூத்துக்குடி வரையிலான காற்றாலைப் பகுதிகளுக்கும், கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா இயங்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் அழைத்துச் செல்லும் வகையில் அரசு சலுகைகளை அமைக்கலாம். மும்பை, சென்னை அளவுக்குக் கடலடிக் கம்பிவட வசதி இல்லாத விசாகப்பட்டினத்தைக் கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. கம்பிவடத்தை இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

அயர்லாந்தின் அனுபவத்தையும் நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் 2023இல் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுக்குச் சென்றது. டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்புகள் ஏறக்குறைய நிறுத்தப்பட்டன. சிங்கப்பூரும் 2019இல் புதிய மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்து, 2022இல் ஆற்றல் சிக்கன நிபந்தனைகளோடு மீண்டும் திறந்தது. நெருக்கடி வந்த பிறகு நிபந்தனை விதித்தவர்கள் அவர்கள். நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சென்னையின் வெக்கையில் சர்வர்களைக் குளிர்விக்க, ஆவியாகும் நீரைப் பயன்படுத்தினால் மின்சாரம் மிச்சமாகும், தண்ணீர் செலவாகும். காற்றால் குளிர்வித்தால் இது தலைகீழாகும். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்த ஊர் இது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் ஆலை இருக்கிறது. தரவு மையங்களுக்கும் இத்தகைய நீரை மட்டுமே அனுமதிப்பது நியாயமானது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தரவு மையங்கள் தங்கள் மின்சார, தண்ணீர்ப் பயன்பாட்டை ஆண்டுதோறும் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இங்கும் அவ்வாறே கோர வேண்டும். பசுமை மின்சாரக் கணக்கை ஆண்டு முழுமைக்கும் அல்லாமல் மணிக்கு மணி ஈடுகட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். 10 மெகாவாட்டுக்கு மேல் இணைப்புக் கேட்கும் எந்த நிறுவனமும் இரவுத் தேவையின் ஒரு பகுதிக்காவது மின்கல (பேட்டரி) சேமிப்பைத் தன் செலவில் அமைக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். இவற்றை முடிவு செய்வதற்கு முன் ஆணையம் நடத்தும் கருத்துக்கேட்பு அமர்வுகளுள் ஒன்றையேனும் எண்ணூரில் நடத்த வேண்டுமெனத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை - 600 019.