எடுப்பதற்கு முன் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் லினக்ஸ் இயங்குதளத்தின் டெஸ்க்டாப்புகளை, அதாவது திரையில் நாம் பார்த்துப் புழங்கும் முகப்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக லினக்ஸுக்கு வருபவர்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் அவற்றில் ஒன்றான க்னோம் பற்றிச் சொல்லும்போது, தேவையில்லாததையெல்லாம் நீக்கி எளிமையாகிவிட்ட டெஸ்க்டாப் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். அந்தத் 'தேவையில்லாதது' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். யாருக்குத் தேவையில்லாதது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மென்பொருள் துறையைச் சேர்ந்தவன் இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, பக்கங்களை வரிசைப்படுத்தி, பிழை பார்த்துவைக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். ஒரு புத்தகம் என்றால் முந்நூறு நானூறு படக் கோப்புகள் இருக்கும். மூலப் படங்கள் ஒரு ஃபோல்டரில், சரிசெய்தவை இன்னொரு ஃபோல்டரில். க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸில், 2010இல் வந்த 2.30 பதிப்பில், இந்த வேலைக்கென்றே செய்ததுபோல ஒரு வசதி வந்தது. எஃப்3 விசையைத் தட்டினால் ஒரே விண்டோ இரண்டு பலகங்களாகப் பிரியும். இடது பக்கம் மூலம், வலது பக்கம் திருத்தியது. எது முடிந்தது, எது பாக்கி என்பது ஒரே பார்வையில் தெரியும். அப்புறம், ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு 0147 என்று தட்டினால் அந்த எண்ணில் தொடங்கும் கோப்பின் மேல் நேராகப் போய் நிற்கும். மவுஸைத் தொடவே வேண்டாம்.

2012 செப்டம்பரில் வந்த 3.6 பதிப்பில் இந்த இரண்டுமே இல்லை. எஃப்3 பலகம் வந்து இரண்டரை வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. பெயரைத் தட்டினால் அங்கேயே தாவும் வழக்கத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உள் ஃபோல்டர்களையும் சேர்த்துத் துழாவும் தேடலை வைத்தார்கள். கோப்புப் பெயர்களை நெருக்கமாக அடுக்கிக் காட்டும் காம்பாக்ட் பார்வையும் போனது. தேடல் மோசமான வசதி என்று நான் சொல்லவில்லை. கோப்பை எங்கே வைத்தோம் என்று மறந்தவருக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கே போக நினைப்பவரின் வேலை வேறு. கடுகு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்து கை நீட்டுபவருக்காக வீடு முழுக்கத் தேடத் தொடங்கினால், அது அவருக்கு உதவியா இடைஞ்சலா?

இரண்டு விண்டோக்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று பதில் சொல்வார்கள். வைக்கலாம்தான். ஆனால் நடுவில் ஒரு படத்தைத் திறந்து பார்த்து மூட வேண்டிய வேலையில், இரண்டு பலகங்களும் ஒரே விண்டோவாகச் சேர்ந்தே முன்னால் வருவதற்கும் இரண்டு விண்டோக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளில் நூறு தடவை செய்பவருக்குத்தான் தெரியும்.

இது யாரோ சிலரின் புலம்பல் மட்டுமாக இருந்திருந்தால், லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீடுகளில் ஒன்றான உபுண்டுவின் 12.10 பதிப்பு அந்தப் புதிய நாட்டிலஸை ஒதுக்கிவிட்டு, பழைய 3.4 பதிப்பையே கொடுத்திருக்காது. லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வெளியீட்டின் குழுவினர் அதே 3.4ஐ எடுத்து நீமோ என்ற தனிக் கோப்பு மேலாளரைத் தொடங்கியிருக்கவும் மாட்டார்கள். நீமோவில் எஃப்3 இன்றும் வேலை செய்கிறது. மேட் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான காஜாவிலும் செய்கிறது. என் வேலை இன்று காஜாவில்தான் நடக்கிறது.

2011 ஏப்ரலில் க்னோம் 3.0 வந்தபோதே இதற்கெல்லாம் தொடக்கம் போட்டாகிவிட்டது. விண்டோவின் மூலையில் மினிமைஸ், மேக்ஸிமைஸ் பொத்தான்கள் இல்லை. கம்ப்யூட்டரை அணைக்கும் கட்டளை மெனுவில் தெரியவே தெரியாது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் வெளியே வரும். அணைப்பதற்கு ஒரு ரகசிய விசை என்றால், புதிதாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஒருவருக்கு இதில் என்ன எளிமை? அந்தக் கட்டளை 2012இல் மெனுவுக்குத் திரும்பி வந்தது. எடுத்தது தவறு என்று புரிந்தால் திருப்பித் தர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

லினக்ஸின் மைய நிரலான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2011இல் க்னோம் 3ஐக் கடுமையாக விமர்சித்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்கு மாறினார். பிறகு 2013இல் எக்ஸ்டென்ஷன்கள் எனப்படும், தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களின் உதவியோடு க்னோமுக்கே திரும்பினார். அவருக்கே எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டது என்றால் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

இந்த எக்ஸ்டென்ஷன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2017இல் வந்த 3.26 பதிப்பில், பின்னணியில் ஓடும் நிரல்களின் சின்னங்கள் தங்கியிருந்த ட்ரே நீக்கப்பட்டது. 2018இல் 3.28 வந்தபோது டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கும் வசதி போனது. வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் எப்போதும் வரும் பதில். உபுண்டு இந்த இரண்டையும் எக்ஸ்டென்ஷன்களாகத் தானே சேர்த்துத் தருகிறது. 2022இல் க்னோம் திட்டம் விருப்பமுள்ளவர்களிடம் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, அவர்கள் டெஸ்க்டாப்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டது. சுமார் 2,500 பேர் விவரம் தந்தார்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல், தாங்களாகத் தேடிப் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றையாவது வைத்திருந்தார்கள். அவற்றில் முதலிடம் எதற்கு என்றால், அந்த ட்ரே சின்னங்களைத் திருப்பிக் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷனுக்கு! தாமாக முன்வந்தவர்கள் எல்லாப் பயனர்களையும் பிரதிபலிக்க மாட்டார்கள், அது சரி. இருந்தாலும் நீக்கி ஐந்து வருடம் கழித்தும் மக்கள் முதலில் தேடிப் போவது நீக்கிய பொருளைத்தான் என்றால், அது தேவையில்லாத பொருளாக எப்படி இருக்க முடியும்?

எக்ஸ்டென்ஷனை நம்பி உட்காரவும் முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப் பதிப்பு வருகிறது. அதற்கேற்ப எக்ஸ்டென்ஷனைத் திருத்த, அதை எழுதியவருக்கு நேரம் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45இல் உள்ளமைப்பு மாறியதால், பழைய எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட அப்படியே ஓடாது என்ற நிலை வந்தது. அத்தனையையும் அவற்றை எழுதியவர்கள் திருத்தியாக வேண்டியிருந்தது. பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்கள் அவர்கள். ஒரு வசதி டெஸ்க்டாப்புக்குள்ளேயே இருந்தால் அதை நடத்திச்செல்லும் பொறுப்பு திட்டத்துக்கு இருக்கும். எக்ஸ்டென்ஷனாக வெளியே போய்விட்டால் அந்தப் பாரம் முழுவதும் எங்கோ இருக்கும் ஒரு தனி மனிதரின் தோளில் ஏறுகிறது.

"மூல நிரல் திறந்துதானே கிடக்கிறது, பிடிக்காவிட்டால் நீங்களே தனியாகக் கொண்டுபோங்கள்" என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். மேட் அப்படித்தான் பிறந்தது. 2011இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2இன் நிரலை எடுத்துத் தொடங்கினார். ஆனால் அதை, பொத்தான், மெனு போன்றவற்றைத் திரையில் காட்டப் பயன்படும் புதிய ஜிடிகே3 நிரல் நூலகத்துக்கு முழுமையாக மாற்றி முடிக்க 2017 ஆனது. இருந்ததை இருந்தபடி காப்பாற்றவே ஆறு வருட உழைப்பு! அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் இப்படி ஒரு குழுவைச் சேர்த்து வருடக்கணக்கில் பாடுபட எத்தனை பேரால் முடியும்? சாதாரணப் பயனரிடம் அதைச் சொல்வது பதிலே ஆகாது.

க்னோமை எழுதுபவர்களுக்கு இதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோப்பு மேலாளர் போன்ற ஒரு பெரிய நிரலைக் கைவிரல் எண்ணிக்கையில் சிலர்தான் பராமரிக்கிறார்கள். ஒவ்வொரு செட்டிங்கும் சோதித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பாதை. டெஸ்க்டாப் ஐகான் நிரல் விஷயத்தில், அது பழசாகி, மற்ற மேம்பாடுகளுக்குத் தடையாக நிற்கிறது என்று பொதுவெளியில் முன்கூட்டியே எழுதினார்கள். நீக்கிய பராமரிப்பாளரே மாற்றாக ஓர் எக்ஸ்டென்ஷனை எழுதவும் தொடங்கினார். அதை நான் மதிக்கிறேன். காரணம் சொல்லி, காலம் கொடுத்து, கையில் மாற்றையும் தந்து எடுத்தால் வருத்தம் இருக்குமே தவிர கோபம் வராது.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றில். எடுப்பது ஒரே பதிப்பில் நடந்துவிடுகிறது. கேட்பது கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று பாருங்கள். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் படங்களைச் சிறிதாகக் காட்டுங்கள் என்ற கோரிக்கை 2004இல் பதிவானது. நிறைவேறியது 2023இல் வந்த க்னோம் 44இல். பக்கப் படங்களின் பெயரைப் பார்த்தே எது எது என்று ஊகிக்க வேண்டிய என் போன்றவர்கள் அத்தனை வருடங்கள் காத்திருந்தோம்.

எது இருக்கலாம், எது போகலாம் என்ற பேச்செல்லாம் நடப்பது ஆங்கிலத்தில், நிரல் எழுதுபவர்கள் கூடும் இடத்தில். தமிழில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிற ஒருவர் ஒரு வசதி போய்விட்டது என்று அறிவது, அப்டேட் செய்த மறுநாள் காலையில் விசையைத் தட்டிப் பார்க்கும்போதுதான். அதற்குள் முடிவு எடுத்து மாதங்கள் ஓடியிருக்கும்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரி இதழிலும் ஆகஸ்ட் இதழிலும், ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வரப்போகும் க்னோம் பதிப்பில் எவை போகின்றன, அவற்றுக்கு மாற்று எது, எதிர்ப்பு இருந்தால் எங்கே, எப்படிப் பதிவு செய்வது என்று தமிழில் போடுங்கள். புதிதாக வருபவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், போகிறவற்றை எழுதத்தான் ஆள் இல்லை. அந்தப் பக்கத்துக்குத் தகவல் திரட்டித் தர ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்