இரத்தினபுரிக் குழியும் நம்ம ஊர்க் கருமணலும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலந்தானே? காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் அறை கிடைத்துவிட்டது. காலையில் இடியாப்பமும் சொதியும், சாப்பாட்டுக்குக் குறையில்லை. இரத்தினக்கல் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி பேருவளைக்காரர், வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்.

போன வாரம் என்னை, இரத்தினக்கல் தோண்டும் இரத்தினபுரிக்குக் கூட்டிப்போனார். வயல் நடுவே கிணறு மாதிரி சதுரக் குழி. மண் சரியாதிருக்க மரச்சட்டம் கட்டி, இடுக்கில் கெகில்ல என்னும் பெரணிச் செடியை அடைத்திருக்கிறார்கள். அடியிலிருந்து வரும் சரளையைக் கூடையில் அள்ளி, நீரில் நின்று சுழற்றுகிறார்கள். லேசானது வழிந்தோட, கனமானது நடுவில் தங்குகிறது. நீலக்கல் சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்கு கனம். பெரியவர் ஒருவர் கூடையைத் துழாவி ஈரக் கல்லொன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்துக்குள்ளே நீலம் தெரிந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது அப்பா.

உடனே நம்மூர் மணவாளக்குறிச்சிக் கடற்கரைதான் நினைவுக்கு வந்தது. அங்கே இதே வேலையை அலை செய்கிறது. அம்மா முறத்தில் புடைப்பதுபோல வெறும் மணலை ஒதுக்கி, இல்மனைட், மோனசைட் என்ற கனமான கனிமங்கள் கலந்த கருமணலைக் கரையில் விட்டுப்போகிறது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையிலும் கருமணல் உண்டு. இருக்காதா பின்னே? ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் இலங்கையும் ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்தபோது ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன; அவை தேய்ந்து வந்ததுதான் இந்த மணல். கடல் நடுவில் புகுந்தது பிறகுதான்.

நடராசர் தத்துவத்தை உலகுக்குச் சொன்ன ஆனந்த குமாரசாமி இந்தக் கொழும்பில் 1877-ல் பிறந்தவர். அவர் முதலில் கனிம ஆய்வாளர். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர். தோரியனைட் என்ற கனிமத்தை 1904-ல் கண்டுபிடித்தவரும் அவரே. நம்மூர் மோனசைட்டில் இருக்கும் அதே தோரியம் என்ற கதிரியக்க உலோகம்தான் அதிலும்.

நம் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயிண்டுக்கு நிறம் தருவது அந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்து எடுப்பது. இங்கே அதைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறார்கள். மனசு பொறுக்கவில்லை. அள்ளிய மணல் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்ப விளையாது. ஒன்று மட்டும் பிடித்தது: இரத்தினபுரியில் தோண்டுமுன் பணம் கட்டவேண்டும், குழியை மூடினால்தான் அது திரும்பக் கிடைக்கும். நம் கரையிலும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

தம்பி பிளஸ் டூ முடித்ததும் ஜியாலஜி படிக்கட்டும் அப்பா. அவனுக்கு விருப்பமிருந்தால் ஃபீஸ் முழுக்க நான் அனுப்புகிறேன். கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்