நாய்களுடன் கடற்கரையில் தங்குவோருக்கு ஓர் ஒழுங்குமுறை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களை அழைத்துக்கொண்டு கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளில் கூடாரம் அடித்துப் பல நாள் தங்குவோரை நாகப்பட்டினம் மாவட்டக் கரையில் இப்போது அடிக்கடி காண முடிகிறது. நானும் என் குடும்பத்தாரும் அப்படித் தங்குபவர்களே. எங்களோடு சிப்பிப்பாறை இன வேட்டை நாய் ஒன்றும் ஒரு நாட்டு நாயும் வருகின்றன. இந்த வழக்கத்தையே தடை செய்ய வேண்டும் என்று கரையோர ஊர்களில் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுத் தடை தேவையில்லை என்பதும், எந்தப் பருவத்தில், எந்த இடத்தில், எப்படித் தங்கலாம் என்ற ஒழுங்குமுறையை மீனவர் பஞ்சாயத்தின் சம்மதத்தோடு எழுதி வைத்தால் போதும் என்பதும் என் கருத்து.

நாயோடு கடற்கரையில் பல நாள் தங்குவது ஓய்வெடுக்கும் காரியம் என்று நினைத்து வருகிறவர்கள்தாம் பெரும்பாலும் தொல்லைக்குக் காரணமாகிறார்கள். அங்கே ஒரு நாளின் பெரும்பகுதி நாய்களைக் கவனிப்பதிலேயே போகிறது. விடிவதற்கு முன்பே அவை எழுந்துவிடும். கூடாரத்தின் ஜிப்பை நாம் திறப்பதற்குள் மூக்கால் முட்டித் திறக்கப் பார்க்கும். வெயில் ஏறுவதற்கு முன் நீண்ட கயிற்றில் பிடித்துக்கொண்டு அலையோரமாக நடத்திவிட்டு வர வேண்டும். திரும்பியதும் ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா, முள் தைத்திருக்கிறதா என்று பார்த்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஒட்டியிருக்கும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். உப்பு அப்படியே காய்ந்தால் தோல் சிவந்து, நாய் இரவெல்லாம் நக்கிக்கொண்டே கிடக்கும். ராவணன் மீசைப் புல்லின் முள்முனை விரலிடுக்கில் குத்தி ஒடிந்துவிட்டால் வெளியில் தெரியாது. அடுத்த நாள் நாய் நொண்டும்போதுதான் தெரியும். சிப்பிப்பாறைக்கு முடி குட்டையாக இருப்பதால் இந்த வேலை எளிது. அடர்ந்த முடியுள்ள லாப்ரடாரையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ அழைத்து வருகிறவர்கள் இதற்கென்றே தினமும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீர். இருபது கிலோ எடையுள்ள நாய் சாதாரண நாளிலேயே ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். கடற்கரை வெயிலில் ஓடினால் அதைப்போல் இரு மடங்கு தேவைப்படலாம். வைத்த தண்ணீர் தீர்ந்துவிட்டால் அது கடல்நீரைக் குடிக்கப் போகும். சிறிதளவு குடித்தாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதிகமாகக் குடித்தால் உப்பின் அளவு இரத்தத்தில் ஏறி வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே தண்ணீரைக் கேன்களில் கொண்டுபோய்விட வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலோர ஊர்ப் பெண்கள் மணல்மேட்டுச் சரிவில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பும் வழக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. நாய்க்கு ஈர மணலைக் கண்டால் தோண்டத் தோன்றும். அது அதன் இயல்பு. ஊர் குடிக்கிற ஊற்றில் வெளியூர் நாய் இறங்கினால் அந்த ஊர் நம்மை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

கடலில் விரித்த பெரிய வலையைக் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் இடத்தில், அதாவது கரைவலை இழுக்கும் இடத்தில், நாயை அவிழ்த்துவிடவே கூடாது. வலையின் மடியைப் பிரித்து மீனைத் தரம் பிரிக்கும்போது, விற்க முடியாதவற்றை மீனவர்கள் மணலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குவியலில் பேத்தை மீன் கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தக்கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. கடற்பாம்பும் சில நாள் வலையில் வந்து விழும். காய்ந்து கிடக்கும் கெளுத்தியின் முள்ளும் அறுந்த தூண்டிலும் நாயின் பாதத்தில் ஏறினால், அரசு கால்நடை மருந்தகம் இருக்கும் ஊர் வரை வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். இவை நாய்க்கு வரும் ஆபத்துகள். வலை இழுப்பவர்களுக்கு நாயால் வரும் இடைஞ்சல் வேறு. தோளில் கயிற்றை மாட்டிப் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கும் மனிதர்களின் காலுக்கிடையில் உற்சாகமாக ஓடும் ஒரு நாய், அத்தனை பேரின் உழைப்பையும் தடுமாறச் செய்துவிடும். நமக்கு உலாவும் இடமாக இருக்கும் அந்த மணல் அவர்களுக்கு வேலை செய்யும் இடம்.

நாங்கள் தங்கியிருந்த தோப்புக்கு அருகில் ஒரு முறை நடந்ததைச் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு குழுவினரின் நாய், வயதான அம்மா ஒருவர் பழைய வலையை விரித்து அதன்மேல் உலர்த்தியிருந்த நெத்திலியில் புகுந்து மிதித்து, சிறுநீரும் கழித்துவிட்டது. அந்த இளைஞர்கள் உடனே பணத்தை எடுத்து நீட்டினார்கள். அந்த அம்மா வாங்கவில்லை. “காசு இருக்கட்டும் தம்பி. இதை வாங்கித் திங்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று கேட்டுவிட்டு, அன்றைய கருவாடு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தார். சந்தையில் தன் கருவாட்டுக்கு இருக்கும் பெயரை அவர் காப்பாற்றிக்கொண்டார். அதற்கு ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார். நாயை வைத்திருந்தவர்கள் நல்லவர்கள்தாம், அன்பானவர்கள்தாம். ஒரு கயிறு மட்டும் இருந்திருந்தால் அந்த இழப்பே நேர்ந்திருக்காது.

நாயின் கழிவை அகற்றுவது பற்றிப் பேச நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் விரிவாகவே சொல்கிறேன். நாயின் குடலில் உள்ள கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் உள்ள இளஞ்சூட்டு மணலில் சில நாட்களில் பொரிந்து நுண்ணிய இளம்புழுக்களாகின்றன. அலை வந்து நனைக்கும் உப்பு மணலைவிட, அதற்கு மேலே சவுக்கு நிழலில் இருக்கும் மணலே அவற்றுக்கு ஏற்றது. கூடாரம் அடிப்பதும் குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும் அந்தப் புழு, தோலுக்கடியில் வளைந்து வளைந்து செல்ல, சிவந்த கோடு போன்ற தடிப்பும் தாங்க முடியாத அரிப்பும் ஏற்படும். மருந்தால் குணமாகிவிடும் என்றாலும், அதுவரை தூக்கம் கெடும். சொறிந்த இடம் புண்ணாகும். மீனவக் குடும்பங்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் மணலில் செருப்பில்லாமல்தான் நடக்கிறார்கள். ஆகவே புறப்படும் முன் நாய்க்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும், தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் கழிவை அள்ளிப் பையில் கட்டி ஊருக்குத் திரும்ப எடுத்து வருவதும் கட்டாயமாக வேண்டும். மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவது அந்தப் புழுவுக்குப் பாதுகாப்பான இடம் அமைத்துக் கொடுப்பதாகும்.

இனி பருவத்தைப் பற்றி. சோழமண்டலக் கரைக்குப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வரும் காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை. ஓர் ஆமை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிவர ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். எனவே மே மாதத்திலும் மணலுக்கடியில் முட்டைகள் இருக்கலாம். வனத்துறையினரும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். சென்னைக் கரையில் மாணவர்கள் 1988 முதல் இந்தப் பணியைச் செய்து வருகிறார்கள். எல்லாக் குழிகளும் அவர்கள் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. நாயின் மூக்குக்கு அவை தப்புவது அரிது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இந்த ஆமை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துச் சென்னைக் கரையில் ஒதுங்கியதை நாம் பார்த்தோம். அவ்வளவு இழப்புக்குப் பிறகும் கரையேறி வரும் ஆமையின் முட்டையை நம் வீட்டு நாய் தோண்டித் தின்னக் கூடாது. கூடார விளக்குகளும் கேடுதான்: கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி நகர வேண்டிய குஞ்சுகள் விளக்கைப் பார்த்துத் திசை மாறிப் போகும். ஆகையால் ஜனவரி முதல் மே முடியும் வரை, முட்டையிடும் கரைகளில் நாயோடு தங்குவதற்கு யாருக்கும் அனுமதி தரக் கூடாது என்பேன். கோடியக்கரை சரணாலயத்தை ஒட்டிய பகுதிகளில் எந்தப் பருவத்திலும் கூடாது. அங்கே வெளிமான்கள் இருக்கின்றன, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஓடும் உருவத்தைக் கண்டால் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, மானைப் பார்த்துவிட்டால் எந்தக் குரலுக்கும் திரும்பாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தங்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மீதமிருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்கள். அப்போது பகலில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று மணலை வாரி அடிக்கும்; கூடாரத்தின் முளைகள் மணலில் நிற்காது. அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி முழங்கால் ஆழத்தில் புதைத்தால்தான் கூடாரம் நிற்கும். நடுப்பகலில் புறங்கையை மணலில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. அந்நேரத்தில் அவை நிழலில் குழி பறித்து, அடியில் இருக்கும் குளிர்ந்த மணலில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் எழுந்து உடம்பை உதறும். மாலையில் என் பிள்ளைகள் செல்பேசியை மறந்து அவற்றோடு ஓடுவதையும், வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருக்கும் நாங்கள் அங்கே இரண்டு நாய்களைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்திருப்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். இது மற்றக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதால்தான் தடை வரக் கூடாது என்கிறேன்.

ஊர் நாய்களைப் பற்றியும் ஒரு சொல். மிஞ்சிய பிரியாணியையும் கோழி எலும்பையும் அவற்றுக்குப் போடுவதை வருகிறவர்கள் இரக்கம் என்று எண்ணுகிறார்கள். சில வாரம் அப்படிக் கிடைத்த உணவு, கூடாரம் பிரிக்கப்பட்ட மறுநாளே நின்றுபோகும்போது, அங்கே கூடிவிட்ட நாய்க்கூட்டம் ஆமை முட்டையைத் தேடும், கருவாட்டைத் தேடும், சைக்கிளில் போகும் பிள்ளைகளைத் துரத்தும். உணவு மிஞ்சினால் கட்டி எடுத்து வந்துவிட வேண்டும். நம் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று கையில் இருக்க வேண்டும். எந்த நாய் கடித்தாலும் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் வேண்டுவது இதுதான். கரையோர ஊராட்சிகள், மீனவர் பஞ்சாயத்தையும் வனத்துறையையும் கலந்து, கரைவலை இழுக்கும் இடத்துக்கும் கருவாடு உலர்த்தும் களத்துக்கும் குடிநீர் ஊற்றுக்கும் அப்பால் சில தோப்புகளைக் குறித்து, நில உரிமையாளரின் ஒப்புதலோடு பருவ அனுமதி வழங்கலாம். தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்க்கும் கயிறு இல்லாத நாய்க்கும் அனுமதி மறுக்கலாம். ஒரு முன்வைப்புத் தொகையைப் பெற்றுக்கொண்டு, இடம் சுத்தமாக இருந்தால் திருப்பித் தரலாம். இல்லையென்றால் அது அந்த ஊருக்கே சேரட்டும். கட்டணமாக வரும் பணத்தில் முதல் செலவாக, ஊர் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யப்பட வேண்டும். அடுத்த ஜூன் மாதத்துக்குள் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வர வேண்டுமானால், ஆமைகள் கரையேறும் இந்த மாதங்களிலேயே ஊர்க்கூட்டங்களைக் கூட்டித் தோப்புகளைக் குறிக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தஞ்சாவூர்