செல்விக்கு, தம்பி வீட்டு விஷயமாக

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். மழை விட்ட பாடில்லை. தேயிலை மலையில் கொழுந்து நிறைய, பறிக்க ஆள் குறைவு. நம்ம கறுப்புக் குடை மாஸ்டரை ஹட்டன் பஸ்ஸில் பார்த்தேன், முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான்: "அந்தப் பிள்ளை இப்பவாவது ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதா?" வத்தளையில் பெரிய கடை நடத்துகிறாள், கணக்கெல்லாம் வீட்டுக்காரர் பார்க்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்தால் பின்னால் நாடகம் ஓடும், கடையில் யாராவது சீனி கேட்பார்கள், "ஆ, ஆ, சொல்லு சொல்லு" என்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இது பாதியில் நிறுத்துகிற விஷயமில்லை. அதோடு கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும்.

தம்பி கதை உனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து திரும்பி வந்ததும் குடி, அப்புறம் சந்தேகம், அப்புறம் கூரைக்கு மேலே யாரோ பேசுகிறார்கள் என்று விடிய விடிய லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடியால் வந்ததா, இதற்காகக் குடித்தானா என்று டொக்டர்களுக்கே ஆரம்பத்தில் பிடிபடவில்லை. இப்போது கிளினிக் போகிறான், மாத்திரை எடுக்கிறான், நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவன் பெண்டாட்டியைப் பற்றி.

அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டது என்று யாரும் கேட்டதில்லை செல்வி. 2024இல் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான், கிளினிக் நாளென்றால் அன்றைக்குப் பேரே இல்லை. பஸ்ஸுக்குக் காசு, அவனுக்குச் சாப்பாட்டுக்குக் காசு. அங்கே போனால் வரிசை. உள்ளே கூப்பிட்டால் அவனிடம் கேட்பார்கள், நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று. பக்கத்தில் நிற்கிற இவள் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. அட்டையில் எல்லாமே சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். வெள்ளை மாத்திரை காலையிலா ராத்திரியிலா என்று தெரியாமல் ஒரு மாதம் முழுக்க நடுங்கிக்கொண்டே கொடுத்திருக்கிறாள். தமிழர் இவ்வளவு பேர் வருகிற இடத்தில் தமிழில் நாலு வார்த்தை எழுதித் தர ஓர் ஆள் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வரிசையில்தான் தோட்டத்தின் கீழ்ப்பக்கம், பணிய டிவிஷன் அக்கா ஒருத்தி இவளைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய மகனுக்கும் இதே வியாதி, அவனுக்குக் கஞ்சாவும் சேர்ந்தது. இவள் கையிலிருந்த மருந்து உறைகளை வாங்கி, மருந்து கொடுக்கிற இடத்தில் கேட்டுவந்து, பேனையால் ஓர் உறையில் சூரியன் வரைந்தாளாம், இன்னொன்றில் பிறை. ராத்திரி மாத்திரை இரண்டென்றால் பிறைக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்த உறைகள் இன்னும் எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. படம் வரைந்து முடித்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் அங்கேயே, அத்தனை சனத்துக்கு முன்னால், உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் கூடுகிற கூட்டம். பிள்ளைக் காம்பரா மிஸ் கதவைத் திறந்து விடுகிறாள். குட்டிக் கதிரைகளில் உட்கார முடியாமல் எல்லோரும் பாயில் உட்காருவோம். பெண்டாட்டிமார், அம்மாமார், ஓர் அண்ணன்காரன், அப்புறம் நம்ம ரேடியோ தாத்தா! ஆமாம், அவரேதான். மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு மனது சரியில்லாமல் போனது, தாத்தாதான் பார்த்துக்கொள்கிறார். நாம் பயந்து ஓடுவோமே, அந்த மனுஷன் இப்போது பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சொல்வதை அப்படிக் கேட்கிறார்.

லயத்து வாழ்க்கை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, காம்பராவுக்குக் காம்பரா ஒரே சுவர். இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணி கொண்டு வருவார்கள். யார் யாரை அடித்தான், எந்தச் சட்டி உடைந்தது, எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் காலையில் தண்ணி பிடிக்கிற பீலியடியில் நிற்கும்போது ஒருத்தரும் ஒன்றும் கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது மரியாதை என்று நினைத்து. அடிபட்டவளும் விழுந்துவிட்டேன் என்று சொல்வாள். அந்த நடிப்பு பாயில் உட்கார்ந்ததும் போய்விடுகிறது. பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி போன மாதம் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள்: "எனக்கு எல்லாம் கேக்கும்டி, கதவைத் தட்டலாமா கூடாதான்னுதான் தெரியாம இருந்துச்சு." இப்போது இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். சுவரில் மூன்று தட்டு தட்டினால் பக்கத்துக் காம்பரா அண்ணன் வந்து, தீப்பெட்டி கேட்கிற மாதிரி வாசலில் நிற்பார். வேறொன்றும் செய்ய வேண்டாம், நின்றாலே போதும், பாதி நாள் அதிலேயே அடங்கிவிடுகிறது.

என்ன பேசுவீர்கள் என்று கேட்பாய். பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். குடித்துவிட்டு வரும்போது நியாயம் பேசாதே, காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது பேசு. கடைக் கொப்பியில் அவன் கடனை நீ கட்டாதே, கட்டினால் கடைக்காரன் மறுபடியும் கொடுப்பான். மாத்திரையைச் சோற்றில் ஒளித்துக் கொடுக்காதே, ஒருநாள் கண்டுபிடித்தால் உன் கையால் சோறே வாங்க மாட்டான். மாமியார் கோடங்கியிடம் போக வேண்டும் என்றால் சண்டை போடாதே, திருநீறும் போடட்டும், மாத்திரையும் நிற்காமல் இருக்கட்டும். இதையெல்லாம் நர்ஸ் சொன்னால் "சரி மிஸ்" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அதையே அடிபட்டு, கடன்பட்டு, அதற்குள்ளேயே இருந்தவள் சொல்லும்போது மனதில் நிற்கிறது.

ஒன்று மட்டும் நான் எல்லோரிடமும் கத்திச் சொல்கிறேன், உனக்கும் சொல்கிறேன். நாள்தோறும் அளவில்லாமல் குடிக்கிற ஆளை ஒரேயடியாக நிறுத்த வைக்கக்கூடாது. மேமலையில் ஒருவர் சாமிக்கு மாலை போட்டு அன்றைக்கே நிறுத்தினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், பாயாசம் வேறு. மறுநாள் கை நடுக்கம், அதற்கடுத்த நாள் வலிப்பு, அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பேய் என்று ஒரு கூட்டம், சாமி குற்றம் என்று இன்னொரு கூட்டம். இதே மாதிரி அனுபவப்பட்ட ஒருத்திதான் ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பழகின உடம்பு திடீரென்று சாராயம் கிடைக்காமல் அப்படிக் குலுங்குமாம், உயிரே போகலாமாம். டொக்டர் பார்வையில், மருந்தோடு நிறுத்த வேண்டியது அது.

சின்ன டீச்சர் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் அல்லவா, அவள் லீவில் வந்தபோது இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிறையச் சொன்னாள். அமெரிக்காவில் குடியை விட்டவர்களின் கூட்டம் 1935இல் தொடங்கியதாம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ், 1951இல் குடும்பத்தினருக்கென்று தனியாக அல்-அனான் என்ற அமைப்பை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து உருவாக்கினார். புருஷன்மார் உள்ளே கூட்டத்தில் இருக்க, வெளியே காத்திருந்த பெண்களுக்குள் பேச்சு வளர்ந்ததாம். கிளினிக் வரிசை மாதிரியே இல்லையா? அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிற மூன்று விஷயம்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் இதை அடக்க முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. அவள் இதைப் படித்துக் காட்டியபோது தம்பி பெண்டாட்டி முதலாவதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து "உன் ராசிதான்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அது.

நம்ம பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்கிற அம்மா, குடியால் கணவரை இழந்த பிறகு, 1980இல் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடும்பத்துக்கும் சேர்த்தே அங்கே சிகிச்சை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அந்த அமெரிக்கக் கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. பாசத்தோடு விலகி நில் என்கிறார்கள். ஒரே காம்பராவில், ஒரே பாயில், மூன்று பிள்ளைகளோடு இருக்கிறவள் எங்கே விலகி நிற்பாள்? வாசல் இஸ்தோப்பிலா? மனதளவில் விலகு என்று அர்த்தமாம், சரி, ஆனால் அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டுமே. அதனால் எங்கள் ஆட்கள் அதைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். ரொம்ப மோசமான ராத்திரி என்றால் பிள்ளைகளோடு போய்ப் படுக்க ஒரு வீடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு முறை மாற்றி.

பேராதனைப் பிள்ளை இன்னொன்றும் சொன்னாள், எனக்கு அதுதான் பெரிய தெம்பு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த குடிகாரர்களின் வீட்டார் 130 பேரை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எப்படிப் பேசுவது, நிதானமாக இருக்கும்போது எப்படிப் பாராட்டுவது, எப்போது சிகிச்சைப் பேச்சை எடுப்பது, தன் வாழ்க்கையைத் தான் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தார்களாம். எல்லோரும் சேர்ந்து ஆளை உட்கார வைத்து நெருக்குகிற முறையில் 30, அல்-அனான் வழியில் 13. அல்-அனானின் நோக்கம் அவனைச் சிகிச்சைக்கு இழுத்துவருவது அல்ல என்பதால் அந்த 13ஐ வைத்து அதைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த 64 பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் கற்றுக்கொடுத்து வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் வீட்டில் இருக்கிறவள் பேசுகிற விதத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று கேட்டபோது அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மனநோய் உள்ளவர்களின் குடும்பத்துக்கு, அதே அனுபவமுள்ள, பயிற்சி பெற்ற குடும்பத்தினரே நடத்துகிற வகுப்பும் அமெரிக்காவில் உண்டாம். 2011இல் வந்த ஆய்வில் அதற்குப் போனவர்களுக்குப் பதற்றம் குறைந்து, சமாளிக்கிற திறமை கூடியிருந்ததாம். பேராதனைக்காரியை அடுத்த லீவில் கூட்டிவந்து எங்களுக்கும் ஒழுங்காகப் பயிற்சி கொடுக்க யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்ப்பும் இருக்கிறது. வீட்டு மானத்தை விற்கிற கூட்டம் என்று தலைவர் ஒருவர் சொல்லித் திரிகிறார். சம்பள நாளன்று சாராயத் தவறணை வாசலில் அந்த மானம் உருண்டு கிடக்கும்போது அவர் தாண்டித்தான் போகிறார். தோட்டத்து ஆட்கள் என்றாலே குடிகாரர்கள் என்று டவுனில் பேசுகிறார்களே, அது எனக்கும் வலிக்கிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கு லாபம்?

இனி எழுதப் போவது கஷ்டமான விஷயம். கூட்டத்துக்கு வருகிற ஒருத்தி, பெயர் வேண்டாம், போன மழைக்காலத்தில் ஒருநாள் தனக்கு இனி எதுவும் வேண்டாம் என்ற முடிவோடு இருந்தாள். குடிக்கிறவனைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட, அவளை யாரும் பார்க்கவில்லை. பணிய டிவிஷன் அக்காதான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேரடியாகவே கேட்டாள், "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று. அப்படிக் கேட்டால் யோசனை வந்துவிடும் என்று நாம் நினைப்போம், அது தப்பு, கேட்டதும்தான் அவள் வாய் திறந்தாள். அன்று ராத்திரி இரண்டு பேர் மாறி மாறிக் கூடவே இருந்தார்கள், 1926க்குப் போன் பண்ணினார்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், குறித்து வை. மறுநாள் கிளினிக். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் வைப்பதில்லை. 1990களில் நம்ம நாடு தற்கொலையில் உலகிலேயே முன்னால் நின்ற காலம் உனக்கு ஞாபகம் இருக்கும், நம்ம வகுப்பிலேயே... வேண்டாம். மிக மோசமான பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பும்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். புருஷன் இன்னும் குடிக்கிறான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று எனக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன், கோபிக்காதே. தலவாக்கலை அக்கா. அவள் மகன், உன் மருமகன், ஐஸ் போதைப்பொருள் பழக்கத்தில் இருக்கிறான் என்று ஊரே பேசுகிறது, அக்கா மட்டும் அவன் கொழும்பில் வேலை தேடுகிறான் என்கிறாள். போன மாதம் கல்யாண வீட்டில் பார்த்தேன், காதில் தோடு இல்லை. அவளிடம் நான் போய்ப் பேசினால் டீச்சர் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைப்பாள், நீ சொன்னால் கேட்பாள். புத்தி சொல்லாதே, அவனைப் பற்றியும் கேட்காதே. அவளுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். அவன் எப்போதாவது வழிக்கு வந்தால் 1927 இருக்கிறது, அது போதைப்பொருள் விஷயத்துக்கான அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். அதுவரை அக்கா தனியாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் வரை வரச் சொல், நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் அவளை யாருக்கும் தெரியாது, அது நல்லது. வந்தால் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. ரேடியோ தாத்தா மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. பஸ் காசு கூட்டத்து உண்டியலிலிருந்து கொடுப்போம், எல்லோருக்கும் அப்படித்தான். அக்காவிடம் பேசிவிட்டு எந்த ஞாயிறு என்று எனக்கு எழுது, அவள் மாட்டேன் என்றாலும் எழுது.

உன்,
மல்லிகா