கடைத்தெருவின் சரிவுக்கு மலிவு விலையைப் பழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியக் கடைத்தெருக்களின் சரிவு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். ஊர் நடுவில் இருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு, மக்கள் ஆல்டி, லிடில், பி அண்ட் எம் போன்ற மலிவு விலைக் கடைகளைத் தேடிப் போவதே காரணம் என்றும், நம்மவர்களும் ஐம்பது பென்ஸ் மிச்சம் பிடிப்பதற்காகத் தெரிந்தவர் கடையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் கட்டுரையாளர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். கிழக்கு லண்டனில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் வாங்குகிறவர்மீது பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலிவு விலையை நம்பித்தான் இந்நாட்டுக் கடைத்தெருக்களின் பெரிய பெயர்கள் வளர்ந்தன. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் தொடக்கம், 1884இல் லீட்ஸ் சந்தையில் மைக்கேல் மார்க்ஸ் வைத்த ஒரு பென்னிக் கடை. 1909இல் லிவர்பூலில் முதல் கடையைத் திறந்த வூல்வொர்த்ஸ், ஆறு பென்ஸுக்கு மேல் எந்தப் பொருளுக்கும் விலை இல்லை என்று சொல்லியே ஊர் ஊராகப் பரவியது. 1928இல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய பி.எச்.எஸ். (பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ்) தன் உச்ச விலையை ஒரு ஷில்லிங், அதாவது அன்றைய பன்னிரண்டு பென்ஸ், என்று வைத்தது. குறைந்த கூலிக்கு உழைத்த குடும்பங்கள் நம்பி உள்ளே நுழைந்த இடங்கள் இவை.

இவற்றில் இரண்டு இன்று இல்லை. வூல்வொர்த்ஸ் 2008 நவம்பரில் நொடித்து, 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகளை மூடியது. ஏறத்தாழ 27,000 பேர் வேலை இழந்தார்கள். பி.எச்.எஸ். 2015இல் ஒரு பவுணுக்குக் கைமாறி, அடுத்த ஆண்டே 11,000 பேரின் வேலையோடு மறைந்தது. 1778இல் தொடங்கிய டெபன்ஹாம்ஸ் என்ற பல்பொருள் கடை நிறுவனமும் 2021இல் கதவடைத்தது. இணைய வணிகமும் 2008இன் பொருளாதார நெருக்கடியும் கொரோனாவும் இவற்றை அடித்தன என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். வூல்வொர்த்ஸ் கடைகளில் பல நின்ற கட்டடங்களை அதன் தாய் நிறுவனம் 2001இல் விற்றது. டெபன்ஹாம்ஸ், முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்த 2005ஆம் ஆண்டில், தன் 23 கடைக் கட்டடங்களை விற்றுவிட்டு அவற்றிலேயே நீண்ட கால லீஸில் வாடகைக்குக் குடியிருந்தது. சொந்த வீட்டை விற்று அதிலேயே வாடகைக்கு இருப்பவனின் நிலை அது. வியாபாரம் படுத்த ஆண்டிலும் வாடகை குறையாது.

வாடகையை அடுத்தது பிசினஸ் ரேட்ஸ். கடையில் விற்பனை எவ்வளவு, லாபம் உண்டா இல்லையா என்று பார்க்காமல், கட்டடத்தின் வாடகை மதிப்பை வைத்து விதிக்கப்படும் வரி இது. இங்கிலாந்தில் ஆண்டு வாடகை மதிப்பு 20,000 பவுண் என்று கணிக்கப்பட்ட ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 2024இலும் 2025இலும் இருந்த, பவுணுக்கு 49.9 பென்ஸ் என்ற வீதப்படி அதன் ஆண்டு ரேட்ஸ் 9,980 பவுண். கொரோனாவுக்குப் பிந்தைய 75 விழுக்காட்டுச் சலுகை இருந்தவரை அந்தக் கடைக்காரர் 2,495 பவுண் கட்டினார். 2025 ஏப்ரலில் சலுகை 40 விழுக்காடாகக் குறைந்ததும் அதே கடைக்கு, அதே அலுமாரிகளுக்கு, 5,988 பவுண் கட்ட வேண்டி வந்தது. அதே மாதத்தில் வேலையாட்களுக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதியும் 13.8இலிருந்து 15 விழுக்காடாக ஏறியது. ஒரே மாதத்தில் இத்தனையும் தலையில் விழுந்தால், தெரு முனையில் மலிவு விலைக் கடையே இல்லாவிட்டாலும் அந்த மனிதர் என்ன செய்வார்?

மலிவு விலைக் கடைகளுக்கும் இதே கதிதான் என்பது வில்கோவின் வீழ்ச்சியில் தெரிந்தது. 1930இல் லெஸ்டரில் தொடங்கி ஏறத்தாழ 400 கடைகளாக வளர்ந்த வில்கோ, மலிவு விலைக்கே பெயர் பெற்றது. அதன் கடைகள் பெரும்பாலும் ஊர் நடுவில் இருந்தன. அதோடு போட்டியிட்ட பி அண்ட் எம் போன்றவை ஊர் நடுவுக்கு வெளியே, இலவசமாகக் கார் நிறுத்தக்கூடிய பெரிய கடைத் தொகுதிகளான ரீட்டெயில் பார்க்குகளில் பரவிக்கொண்டிருந்தன. 2023இல் வில்கோ நொடித்தபோது 12,000க்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள். 1990இல் தொடங்கிய பவுண்ட்லேண்டை அதன் உரிமையாளர்கள் 2025 ஜூனில் பெயரளவுக்கு ஒரு பவுண் வாங்கிக்கொண்டு கைகழுவினார்கள். இப்படிப்பட்ட கடை ஒன்று மூடப்பட்டால், அதற்காக அந்தத் தெருவுக்கு வந்தவர்கள் பக்கத்துக் காய்கறிக் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் வருவதும் நின்றுவிடும்.

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் இந்நாட்டில் உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 19 விழுக்காடு ஏறியிருந்தது. சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆல்டி ஏறத்தாழ 2,000 வகைப் பொருள்களையே வைத்துக்கொண்டு, வந்த அட்டைப் பெட்டியோடு அலுமாரியில் ஏற்றி, பெரும்பாலும் தன் சொந்தப் பெயரில் விற்பதால் செலவைக் குறைக்கிறது. பிள்ளைகளோடு வாரச் செலவைப் பார்த்துப் பார்த்து நடத்தும் ஒரு தாய் அங்கே போவது குற்றமாகாது. ஒரு பவுண் கடைகளில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும்: பற்பசைக் குழாயும் சவர்க்காரத் தூளும் அளவில் சிறியனவாக இருப்பதுண்டு. விலைச் சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் நூறு கிராமுக்கோ நூறு மில்லி லிட்டருக்கோ என்ன விலை என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

நம்மவர் கடைகளுக்கு வருகிறேன். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் புடைவைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் மரக்கறிக் கடைகளிலும் இன்றும் கூட்டம் இருக்கிறது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க யாரும் ரீட்டெயில் பார்க்குக்குப் போவதில்லை. பால், பாண், மிட்டாய், குளிர்பானம் விற்கும் முனைக் கடைதான் தவிக்கிறது. அங்கே பல பொருள்களின் உறையிலேயே விலை அச்சிட்டு வருகிறது. கடைக்காரர் அதற்கு மேல் ஒரு பென்ஸ் வைக்க முடியாது. வாங்கும் விலை ஏறும்போதெல்லாம் இடையில் நசுங்குவது அவருடைய லாபம்தான். நம்மவர்களில் பலர் சரக்கெடுக்கும் மொத்த விற்பனை நிறுவனமான புக்கர், 2018 முதல் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமான டெஸ்கோவுக்குச் சொந்தம் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இங்கிலாந்தில் ஒரே ஒரு கடை வைத்திருப்பவர், அதன் ரேட்ஸ் மதிப்பு 12,000 பவுணுக்குள் இருந்தால் ரேட்ஸே கட்ட வேண்டியதில்லை. 15,000 வரை படிப்படியான கழிவு உண்டு. ஆனால் இதை உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். கடை கைமாறும்போது இதைத் தவறவிட்டு, பழைய உரிமையாளருக்கு இருந்த சலுகை தமக்கும் தொடரும் என்று நம்பி, பின்னர் நிலுவைக் கடிதத்தோடு என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மொத்தம் ஓராண்டுக்கு மேல் பூட்டிக்கிடக்கும் கடையின் குத்தகையை ஏலத்தில் விட, 2024 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தும்படி நம் வட்டாரக் கவுன்சில் உறுப்பினரிடம் கேட்பது நம் உரிமை. 2026 ஏப்ரல் முதல் சில்லறைக் கடைகளுக்கெனக் குறைந்த வீதமும், எல்லா வணிகக் கட்டடங்களுக்கும் புதிய மதிப்பீடும் நடைமுறை என்பதால், தத்தம் கடையின் மதிப்பு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விவரங்களைத் தெளிவான தமிழில், விண்ணப்பிக்கும் முறையோடு, தங்கள் இதழில் ஒரு முழுப் பக்கமாக வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு விவரங்களைச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்