பாப்பா, லோன் போடுவதற்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். ஊரறிய எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது: உன்னை மாதிரியே பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எந்தக் கிடார் வாங்குவது என்று ராத்திரி முழுக்கப் புரளும் நாலைந்து பேர் இங்கே வந்து படிக்கிறார்கள்.

நீ மார்ட்டின் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் டி-28 கிடார் வாங்க முடிவு பண்ணிவிட்டாய், கையிலிருப்பது போக மீதிக்கு பர்சனல் லோன் கேட்டிருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். டி-28 மோசமான கிடார் இல்லை. அதை மோசம் என்று சொல்பவன் காதை டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும். ஆனால் உனக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

போன மாதம் சென்னைக் கடையில் நடந்ததை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ, நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். டி-28 கைக்கு வந்ததும் ஜி கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) பிடித்து மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்தாய். கடையே திரும்பிப் பார்த்தது. நீ என்னைப் பார்த்தாய், கடைத் தம்பியைப் பார்த்தாய், விலைச்சீட்டைப் பார்த்தாய். மறுபடியும் அதே ஜி கார்டு. பத்து நிமிஷம் அது உன் மடியில் இருந்தது, ஒரு பாட்டு வரவில்லை. அப்புறம் அந்தத் தம்பி மூலையிலிருந்து ஒரு 000-15எம் எடுத்துக் கொடுத்தார். டிரிபிள் ஓ என்று சொல்வார்கள், அதுவும் மார்ட்டின்தான். முழுக்க மகோகனி, பளபளப்பே கிடையாது, வறுத்த காபிக்கொட்டை நிறம். அதில் நீ வாசித்தது காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் கோவிலில் வாசிப்பாயே, அந்தத் துண்டு. மடியிலிருந்து பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் வில்லை) கீழே விழுந்தது, குனிந்து எடுக்கக்கூட இல்லை. ரெண்டாவது சுற்றில் மெதுவாகப் பாடவும் ஆரம்பித்தாய். முடித்துவிட்டு, "இது சின்னதா இருக்கு மாமா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

சின்னதுதான். ஆனால் எவ்வளவு சின்னது? அடிப்பக்க அகலத்தில் டி வகை பதினைந்தே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, டிரிபிள் ஓ பதினைந்து. நிஜமான வித்தியாசம் ஆழத்தில். டி வகைப் பெட்டி ஆழமானது, அதில்தான் அந்த அடித்தொண்டைச் சத்தம் வருகிறது. உன் வலது தோள் தூக்கிக்கொண்டு நின்றதும் அந்த ஆழத்தால்தான். நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். டி என்றால் ட்ரெட்நாட். ட்ரெட்நாட் என்பது 1906ல் இங்கிலாந்து கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பேர். அந்தப் பேரை வைத்து 1916ல் மார்ட்டின் கம்பெனி, பாஸ்டன் ஊர்க் கடை ஒன்றுக்காக இந்தப் பெரிய உருவத்தைச் செய்தது. பிக் பிடித்து ஓங்கி அடிப்பவர்களுக்கும், நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது மேலே கேட்க வேண்டியவர்களுக்கும் அது நல்ல கப்பல். நீ விரலால் வாசிப்பவள். கீழ்ஸ்தாயியில் பாடுபவள். டி-28ன் கீழ்ஸ்தாயி ஸ்ட்ரிங்குகள் முழங்கும் இடமும் உன் குரல் இருக்கும் இடமும் ஒன்றே. அன்றைக்கு அதோடு பாடிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். பாடவே இல்லையே.

ரோஸ்வுட் மோகம் வேறு. டி-28 மாதிரி பின்பக்கமும் பக்கவாட்டும் ரோஸ்வுட் என்றால் சத்தத்துக்குக் கீழேயும் மேலேயும் ஒரு பளபளப்பு வரும், அடித்த ஸ்வரத்தைச் சுற்றி நாலு ஸ்வரம் மினுங்கும். மகோகனி அப்படியில்லை. அடித்ததைச் சொல்லும், சீக்கிரம் அடங்கும், பாடுபவருக்கு இடம் விடும். இதில் உயர்வு தாழ்வு கிடையாது. விலைப்பட்டியலில் ரோஸ்வுட் மேலே இருப்பதால் நாமாக ஏணி கட்டிக்கொண்டோம். ஒரு வேடிக்கை கேள்: பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், 1969ல் மார்ட்டின் நம் பக்கத்து ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம்ம ஊர் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்பார்களே, அது. தாத்தாவின் கட்டில் என்ன மரம் என்று அக்காவைக் கேள். அந்த மரத்தைக் கப்பலேற்றி பென்சில்வேனியா அனுப்பி, அங்கே கிடார் ஆக்கி, சுங்கம் கட்டித் திருப்பி வாங்குகிறோம். 2017 ஜனவரியில் எல்லா ரோஸ்வுட்டும் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிடார்க்காரர்கள் பட்ட பாடு தனி. 2019ல்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

சரி, மரத்தை விடு. உனக்கு நிஜமான பிரச்சினை காற்று.

நீ இப்போது வைத்திருக்கும் யமஹா எஃப்310 கிடார் லாமினேட், ப்ளைவுட் ஜாதி. அதை மழையில் நனைத்தாலும் வெயிலில் காய வைத்தாலும் மூஞ்சியைத் தூக்காது. நீ வாங்கப் போவது முழுக்க சாலிட் மரம். டாப், அதாவது முன்பக்கப் பலகை, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரே அடுக்கு மரம். காற்று காய்ந்தால் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் குறுக்குக் கட்டைகள் அந்தத் திசையில் சுருங்காது. இழுபறியில் பலகை தோற்கும்.

எனக்கு நடந்தது இது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆகஸ்ட் மாதம், பெங்களூரில் ஒரு கடையில் ஸ்ப்ரூஸ் என்கிற மரத்தில் டாப் செய்த கிடார் வாங்கினேன். நல்ல மழைக்காலம். கொண்டுவந்து சேலம் சூரமங்கலம் வீட்டில் மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. மார்ச் முடிவில் ஃப்ரெட் முனைகள், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் முனைகள், கழுத்து ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி குத்த ஆரம்பித்தன. மரம் சுருங்குகிறது, உலோகம் சுருங்கவில்லை, அதனால் துருத்துகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு அறிவில்லை. அரம் வைத்து ராவினேன்! ஏப்ரலில் ஒரு நாள் நடுராத்திரி, காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் பிரிட்ஜிலிருந்து (டாப்பில் ஸ்ட்ரிங்குகளைப் பிடித்து நிறுத்தும் கட்டை) அடிவரை ஒரு முடிக்கோடு. விளக்கைப் பிடித்தால் அந்தக் கோடு வழியாக உள்ளே வெளிச்சம் போகிறது. கடைக்குப் போன் போட்டேன். "ஈரப்பதம் சார், வாரண்டியில் வராது" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உனக்கு இதன் மறுபக்கம். சேலத்தில் காயும், ஏற்காட்டில் ஊறும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை உன் வீட்டு ஜன்னலில் மூட்டம் உட்கார்ந்திருக்கும், துவைத்த துணி மூன்று நாள் காயாது. அந்தக் காற்றில் டாப் உப்பி மேலே வரும், ஆக்‌ஷன் (கழுத்துக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) ஏறும், ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் விரல் வலிக்கும், சத்தம் கம்பளி போர்த்திய மாதிரி ஆகும். கிடார் கெட்டுவிட்டது என்று நினைத்து நீ சாடிலை, பிரிட்ஜ் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் அந்தச் சின்னத் துண்டை, தேய்க்கக் கொடுப்பாய், கோடையில் காய்ந்து டாப் இறங்கும், எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ட்ரிங் உரசி விர்ரென்று இரையும். கம்பெனிகள் கேட்பது 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம். சேலத்துச் சித்திரையும் கொடுக்காது, ஏற்காட்டு ஐப்பசியும் கொடுக்காது. நீயோ மாதம் ரெண்டு முறை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவள்.

அதனால் லோன் போடுவதற்குப் பதில், சொற்பக் காசில் ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கு. அது பொய் சொல்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது: பாட்டில் மூடியில் ரெண்டு ஸ்பூன் கல் உப்பு, ஈர மணல் பதத்துக்கு வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வை. காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிக்கொள். அவ்வளவுதான். கிடார் நல்ல ஹார்டு கேஸில் இருக்கட்டும், கூடவே ஈரத்தை இழுக்கவும் விடவும் செய்கிற பொட்டலம் ரெண்டு. சுவரில் மாட்டாதே. கீழே வரும் நாளில் கேஸை உடனே திறக்காதே, ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிடப் போகும்போது கிடாரைக் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதே. மே மாத வெயிலில் டிக்கிக்குள் இருக்கும் சூட்டில் பசை இளகும், பிரிட்ஜ் பெயரும்.

டெய்லர் கிடார் பற்றிக் கேட்டிருந்தாய். 1974ல் தொடங்கிய கம்பெனி, கழுத்தை போல்ட் போட்டு மாட்டுகிறார்கள், கோணம் மாறினால் கழற்றிச் சரிசெய்வது சுலபம். டி-28ல் கழுத்து பசையால் ஒட்டியது, ஆவி காட்டிக் கழற்ற வேண்டும், ஆள் தேடி பெங்களூர் போக வேண்டும். அந்தக் கணக்கில் டெய்லர் மேல். சத்தம் எனக்குக் கொஞ்சம் கண்ணாடி. உனக்குப் பிடித்தால் நான் தடுக்கவில்லை. யமஹா எல்எல்16 விலைக்கு மிஞ்சிய கிடார், ஆனால் அதுவும் பெரிய பெட்டி. பிக்கப் (கிடார் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்ப உள்ளே வைக்கும் கருவி) இப்போது வேண்டாம், கோவிலில் மைக் இருக்கிறது.

இந்த முறை கடைக்குப் போனால் வேறு மாதிரி பார்க்கலாம். முதலில் நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார். நான் எந்தக் கிடார் என்று சொல்லாமல் வாசிக்கிறேன், நீ பேரில்லாமல் கேள். வாசிப்பவருக்கு ஒரு சத்தம், எதிரே இருப்பவருக்கு ஒரு சத்தம். ஸ்ட்ரிங் எல்லாவற்றிலும் ஒரே வயசா என்று கேட்போம். கடையில் ஆறு மாதம் தொங்கிய ஸ்ட்ரிங்கோடு புது ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டு எத்தனை பேர் தப்பான கிடார் வாங்கியிருக்கிறார்கள்! அப்புறம் பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு ரயில் டிக்கெட் தாளின் முனையை நுழைத்துப் பார். நுழையக் கூடாது. ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்கிலும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் பார். ஒரு முடி இடைவெளி இருந்தால் கழுத்து சரி, விரல் போகிற சந்து இருந்தால் கேள்வி கேள். சாடில் பிரிட்ஜுக்கு மேல் போதுமான உயரம் நிற்கிறதா பார். இப்போதே தேய்ந்து மட்டமாக இருந்தால், நாளைக்கு ஆக்‌ஷன் ஏறும்போது இறக்க இடம் இருக்காது. போன் டார்ச்சை உள்ளே விட்டு, கட்டைகள் ஒட்டியிருக்கும் ஓரத்தைப் பார். விரல் கணுவால் டாப்பை மெதுவாகத் தட்டிக்கொண்டே போ. எங்காவது சலசல என்றால் அந்தக் கிடார் நமக்கு வேண்டாம்.

எல்லாம் பார்த்த பிறகும், முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டும், உன் கை டி-28க்கே போனால் எடுத்துக்கொள். லோனுக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன். எஃப்310ஐ மட்டும் விற்காதே, மழை நாளில் பஸ்ஸில் வர அதுதான் சரி.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரசில் ரெண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். லோயர் பெர்த் எனக்கு. அதுவரை வலது கை நகத்தை வெட்டிவிடாதே.

அன்புடன்,
மாமா
சூரமங்கலம்