படைவீரனுக்குத் தராத நிலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோமக் குடியரசு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நாடு பெருத்ததால் தனிமனித ஆட்சி வந்தே தீரும் என்று முடிகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நகரத்துக்காக உருவான ஆட்சிமுறை பேரரசைத் தாங்கத் திணறியது உண்மைதான். ஆனால் குடியரசைச் சாய்த்தது படை. அந்தப் படையைத் தளபதிகளிடம் பறிகொடுத்தது செனட் என்ற மேட்டுக்குடியினரின் அவை.

கி.மு. 107-ல் தளபதி மாரியஸ் நிலமற்ற ஏழைகளைப் படையில் சேர்த்தார். போர் முடிந்தால் அவர்கள் பிழைக்க நிலம் வேண்டும். அதைத் தரும் பொறுப்பை செனட் ஏற்கவே இல்லை. வீரர்கள் தளபதியின் கையை எதிர்பார்த்தார்கள். கி.மு. 88-ல் தளபதி சுல்லா ரோம் மீதே படையெடுத்தபோது, ஒருவரைத் தவிர அவருடைய உயர் அதிகாரிகள் அனைவரும் விலகிக்கொண்டார்கள். வீரர்கள் விலகவில்லை.

அதன் பிறகும் வாய்ப்பு இருந்தது. கி.மு. 62-ல் கிழக்கை வென்று திரும்பிய தளபதி பாம்பி, இன்னொரு சுல்லா ஆவார் என்று ரோமே நடுங்கியது. அவரோ இத்தாலியின் பிருண்டிசியம் துறைமுகத்தில் இறங்கியதும் படையைக் கலைத்துவிட்டார். எவ்வளவு பெரிய விஷயம் இது! அவர் கேட்டவை இரண்டுதான்: தன் வீரர்களுக்கு நிலம், கிழக்கில் தான் செய்த ஏற்பாடுகளுக்கு ஒப்புதல். லுக்குல்லஸ், கேட்டோ போன்ற செனட்டர்கள் இரண்டையும் இழுத்தடித்தார்கள். சட்டத்துக்குப் பணிந்து வந்தவரை வெறுங்கையோடு நிறுத்தினால் அவர் எங்கே போவார்? சீசருடனும் பெரும் பணக்காரரான கிராசஸுடனும் கைகோத்தார். கி.மு. 59-ல் கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவர்) ஆன சீசர் அந்த நிலத்தை வாங்கிக் கொடுத்தார். செனட் தந்திருக்க வேண்டிய நிலம் அது.

சீசரும் பாம்பியும் பகைவர்களாகிவிட்ட கி.மு. 50 டிசம்பரில்கூட, சீசர், பாம்பி இருவருமே படைப்பொறுப்பைத் துறக்க வேண்டும் என்று செனட்டில் 370 பேர் வாக்களித்ததாகவும், எதிர்த்தவர்கள் 22 பேரே என்றும் பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். கான்சல் மார்செல்லஸ் அவையைக் கலைத்துவிட்டுப் பாம்பியிடம் படையை ஒப்படைத்தார். அடுத்த மாதமே சீசர் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடு கடந்தார்; உள்நாட்டுப் போர் மூண்டது.

வீரர்களின் பிழைப்புக்கு வழிசெய்வது செனட்டால் செய்ய முடியாத காரியமா? கி.பி. 6-ல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், ஓய்வுபெறும் வீரர்களுக்கென்றே தனிக் கருவூலம் அமைத்தார். தன் பணம் 17 கோடி செஸ்டர்ஸை (ரோம நாணயம்) அதில் போட்டார். தொடர்ந்து நிதி வர வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி விதித்தார். பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கட்டினார்கள். இதே ஏற்பாட்டை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செனட் செய்திருந்தால், சீசரின் வீரர்கள் எதற்காக அவர் பின்னால் ஆற்றைக் கடந்திருப்பார்கள்?

கி.மு. 133-ல் பொதுநிலத்தை ஏழைகளுக்குப் பங்கிட முயன்ற திபேரியஸ் கிராக்கஸைச் செனட்டர்களே அடித்துக் கொன்றதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோகிறது. அவருடைய நிலச்சட்டத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.